காஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடம்

காஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடம் என்பது ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா மாநிலத் தலைநகரான ஹோபார்ட்டில் அமைந்திருந்த பெண் கைதிகளுக்கான சிறைக்கூடம் ஆகும். பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் நாடுகடத்தப்பட்ட பெண்கள் 1828 முதல் 1856 வரை இங்கு அடைத்து வைக்கப்பட்டனர். தொழிற்கூடம் என்னும் பெயர் சற்றுத் திசைதிருப்புவது. சிறை, வேலைத்தலம், வேலைக்காரிகளை வீடுகளுக்கு அனுப்பும் நிலையம், மகப்பேற்று மனை ஆகிய அனைத்துமாக இது இயங்கியது.

பின்னணி

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 162,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். அப்பெண்களில் பாதிப்பேர், அக்காலத்தில் வான் டீமனின் நிலம் என்று அழைக்கப்பட்ட தாஸ்மானியாவுக்கு வந்தனர். பெரும்பாலோர் மீதான குற்றம் திருட்டே. 7 ஆண்டுத் தண்டனை பரவலாக விதிக்கப்பட்டது. ஆயினும் தண்டனை முடிந்தவர்கள் நாடு திரும்பும் கப்பல் செலவை அரசு ஏற்கவில்லை. ஆகவே பலர் தம் ஊரையும் உறவினரையும் மீண்டும் காணவே இல்லை.

கப்பலில் வந்த பெண்கள் குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக ஒதுக்கப்பட்டனர். எசமானரை எதிர்த்துப் பேசினாலோ, குடித்தாலோ, தப்பியோடினாலோ, கருவுற்றாலோ தொழிற்கூடத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அன்றாட வாழ்க்கை

ஒரு பழைய மதுவடிப்பாலையே சிறையாக மாற்றப்பட்டது. ஓடையை ஒட்டிய, வெயில் குறைந்த பள்ளத்தாக்கு என்பதால் கட்டடம் எப்போதும் ஈரமாக இருந்தது. 1829ஆம் ஆண்டு விதிகள் கைதிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தன. முதல் வகுப்பினர் வேலைக்கு அனுப்பப்படத் தகுதி பெற்றவர்கள். கடைசியான குற்ற வகுப்பினரின் மேற்சட்டை முதுகிலும் வலக்கையிலும் பாவாடையின் பின்புறத்திலும் மஞ்சள் நிறத்தில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து பெரிதாகத் தைக்கப்பட்டது. துணி வெளுத்தல், கம்பளி நூற்றல், பழைய கப்பற்கயிறுகளைப் பிரித்து நாராக்குதல் ஆகியவை இவர்களின் வேலைகள். இருட்டறைத் தனிமைச் சிறையும் தலைமுடி வெட்டுதலும் தண்டனைகளாக இருந்தன. இவற்றுள் முடி வெட்டப்படுவதையே பெண்கள் மிகவும் வெறுத்தனர்.

குழந்தைகள்

இச்சிறையின் மிகக் கொடிய பகுதி குழந்தைகள் காப்பகமே எனலாம். தாய்ப்பால் மறக்கச் செய்தவுடன் குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. மணமாகாமல் கருவுற்ற 'குற்றத்திற்காக' தாய் அதன்பின் குற்ற வகுப்பில் 6 மாதம் தண்டனை அனுபவிக்க வேண்டும். வேலைக்கு அனுப்பிய வீட்டில் நேர்ந்ததற்கும் அவளே பொறுப்பாக்கப்பட்டாள். நெரிசலாலும் நோயாலும் ஏராளமான குழந்தைகள் இறந்தன. 1838இல் நடந்த ஒரு மரண விசாரணையை அடுத்து எழுந்த கண்டனத்தால் காப்பகம் நகரின் லிவர்பூல் தெருவுக்கு மாற்றப்பட்டது. உயிர் பிழைத்த குழந்தைகள் சற்று வளர்ந்ததும் நியூ டவுன் அனாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர்.

எதிர்ப்பு

பெண்கள் எல்லாவற்றுக்கும் பணிந்து போனதாகக் கருத இயலாது. காஸ்கேட்ஸில் ஆட்டம், பாட்டு, கடத்தி வந்த புகையிலை ஆகியவற்றுடன் விதிகளை மீறிய ஒரு குழுவை அக்காலச் செய்தித்தாள்கள் கடுமையாகச் சாடின. நியூ சவுத் வேல்ஸின் பரமட்டா தொழிற்கூடத்தில் 1827இல் உணவு குறைக்கப்பட்டபோது பெண்கள் வாயிலை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்து ரொட்டியும் இறைச்சியும் எடுத்துச் சென்றனர்.

பிற்காலம்

தாஸ்மானியாவுக்கு நாடுகடத்தல் 1853இல் நின்றது. 1856க்குப் பின் இவ்விடம் 1877 வரை உள்ளூர்ச் சிறையாக இருந்தது. எஞ்சியுள்ள முற்றங்கள், ஆஸ்திரேலியக் கைதிகள் தலங்களுள் ஒன்றாக 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இப்பெண்கள் தாமே எழுதியவை மிகக் குறைவு. தப்பியோடினால் அடையாளம் காண்பதற்காக அதிகாரிகள் எழுதி வைத்த பதிவேடுகளில் ஒவ்வொருவரின் உயரம், கண் நிறம், தழும்பு, பச்சைக்குத்து ஆகியவை உள்ளன. ஆஸ்திரேலியாவின் கைதிகள் ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. இன்று கைதிகளின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையரைத் தேடுவதும் இவற்றில்தான்.