கீறலின் அளவும் கண்ணின் எட்டுதலும்: முதுகெலும்பு நுண்துளை அறுவையின் பாதுகாப்பு வரலாறு

முதுகெலும்பின் நுண்துளை அறுவைக்குச் சொல்லப்படும் வாதம் எளிது: கீறல் சிறிதானால் சேதமும் சிறிது, ஆகவே ஆபத்தும் சிறிது. இதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1934இல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் சயாட்டிகா வரும் என்று காட்டிய பிறகு, தசையை எலும்பிலிருந்து விலக்கி, எலும்பை வெட்டி உள்ளே போவதே வழக்கமாயிற்று. அந்தப் பெரிய காயத்தைத் தவிர்க்க எழுந்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால், அவற்றின் பாதுகாப்பைத் தோலில் விழுந்த வெட்டின் நீளம் தீர்மானிக்கவில்லை. நரம்புக்கு அருகே நடப்பதை மருத்துவரால் எவ்வளவு பார்க்க முடிந்தது என்பதே தீர்மானித்தது என்பது என் வாதம்.

முதல் முயற்சியில் கத்தியே இல்லை. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் என்ற நொதியை 1956இல் லூயிஸ் தாமஸ் முயல்களின் இரத்தத்தில் செலுத்தினார். விறைத்து நின்ற காதுகள் குருத்தெலும்பின் வலுவிழந்து தொங்கிவிட்டன; சில நாட்களில் மறுபடி நிமிர்ந்தன. குருத்தெலும்பைத் தளர்த்துவது பிதுங்கிய ஜவ்வையும் கரைக்கலாமே என்று எண்ணிய லைமன் ஸ்மித், அதே பாலிலுள்ள கைமோபப்பைனை 1963இல் ஊசி வழியே மனித ஜவ்வுக்குள் செலுத்தினார். 1982இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் கடும் ஒவ்வாமை, தண்டுவட அழற்சி, மூளைக்குள் இரத்தக்கசிவு என்று செய்திகள் வரத் தொடங்கின. 2003இல் அங்கே அதன் விற்பனை நின்றது. இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட: 1982 முதல் 1991 வரை சுமார் 1,35,000 நோயாளிகளுக்கு 121 பாதகங்களே பதிவாயின, திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் இது மோசமில்லையே? எண்ணிக்கையில் மோசமில்லைதான். ஆனால் தானாக வந்து சேர்ந்த புகார்களின் கணக்கு அது. நடந்ததெல்லாம் அதில் ஏறியிருக்கும் என்று கொள்ள முடியாது. அதைவிட முக்கியமானது, ஊசிமுனை நழுவி நொதி தண்டுவட உறைக்குள் கசிந்தால் அதைக் கண்டு நிறுத்த வழியே இருக்கவில்லை. எக்ஸ்-ரே நிழலில் ஊசி தெரியும், நரம்பு தெரியாது.

1985இல் கேரி ஓனிக் கொண்டுவந்த, ஜவ்வை உறிஞ்சி வெட்டியெடுக்கும் தானியங்கிக் கருவிக்கும் இதே குறைதான். அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. பலனும் அதிகம் விளையவில்லை. 1995இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் அக்கருவியால் 29 சதவீதம் பேருக்கே திருப்தியான பலன். நுண்ணோக்கி வைத்துச் செய்த அறுவையில் 80 சதவீதம். பலிக்காத சிகிச்சைக்குப் பிறகு நோயாளி இரண்டாவது அறுவைக்குப் படுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆபத்தையும் முதல் சிகிச்சையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதற்கிடையே 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியை ஜவ்வு அறுவைக்குக் கொண்டுவந்து, கீறலையும் குறைத்து வெளிச்சத்தையும் கூட்டினார்கள். 1997இல் மெம்ஃபிஸின் ஃபோலியும் ஸ்மித்தும் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களை அடுத்தடுத்து நுழைத்துத் தசையை வெட்டாமல் விலக்கி, கடைசிக் குழாய்க்குள் எண்டோஸ்கோப்பை இறக்கினார்கள். தசை பிழைக்கும், வலி குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நெதர்லாந்தில் 328 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனை அதைப் பொய்யாக்கியது: ஓராண்டு முடிவில் நன்றாகக் குணமானதாகச் சொன்னவர்கள் குழாய் முறையில் 69 சதவீதம், வழக்கமான நுண்ணறுவையில் 79 சதவீதம். அதே குழு பின்னர் தசைச் சேதத்தை அளந்து பார்த்தபோதும் இரு தரப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை. பார்வை இருந்தும் குழாய் தோற்றதே, உங்கள் வாதம் என்னாகும் என்று கேட்கலாம். தோற்றது பலனில், அதுவும் பார்வை சரியாக இருந்த இன்னொரு முறையிடம். கீறலைக் குறைப்பதால் மட்டும் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதையே அந்தச் சோதனை காட்டுகிறது.

தொற்று விஷயத்தில் மட்டும் சிறு கீறலுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொகுப்பில், 1,338 நுண்துளை அறுவைகளில் காயத் தொற்று கண்டது மூன்றில்தான். ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வல்ல அது. ஆனாலும் 2014இன் காக்ரேன் மீளாய்வும் அதே திசையைத்தான் காட்டியது. மறுபக்கம், தசையைத் திறக்காமல் முதுகெலும்பில் திருகாணி பொருத்தும்போது கண் பார்க்காததை எக்ஸ்-ரே பார்க்க வேண்டியிருக்கிறது. நோயாளியின் தசைக்குத் தப்பிய சேதத்தில் ஒரு பங்கு கதிர்வீச்சாக மருத்துவரின் கைக்கும் கழுத்துக்கும் இடம் மாறுகிறது. தண்டுவட உறை கிழிந்தால் குறுகிய குழாய்க்குள் தையல் போடுவதும் கடினம். தண்டுவட நீர் கசிந்து தேங்க உள்ளே இடம் குறைவு என்பது சிறு ஆறுதல்.

பக்கவாட்டிலிருந்து எண்டோஸ்கோப் செலுத்தும் முறை திறந்த நுண்ணறுவைக்குக் குறைந்ததல்ல என்று 2022இல் நெதர்லாந்தின் இன்னொரு சோதனை நிறுவியது. அதில் 613 பேர் பங்கேற்றார்கள். நேரடியாக ஒப்பிடப்பட்டவர்கள் திறந்த முறையில் 309 பேர், எண்டோஸ்கோப்பில் 179 பேர். மீதி 125 பேர், மருத்துவர்கள் அம்முறையைப் பழகிய காலத்தில் அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களைத் தனியே பிரித்துக் கணக்கெழுதினார்கள். எண்டோஸ்கோப் வழியே நரம்பையும் கொழுப்பையும் பிரித்தறியக் கண் பழக அறுவைகள் பல தேவைப்படுகின்றன. இம்முறையைப் புதிதாகத் தொடங்கும் மருத்துவமனைகளிலும் இப்படிப் பழகும் காலத்து நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு நேர்ந்ததைத் தனியே எழுதி வைக்காத இடத்தில், இந்த அறுவை பாதுகாப்பானது என்று சொல்ல அந்த டச்சு எண்களைக் கடன் வாங்க முடியாது.