சனி இரண்டு முறை பெயர்ந்த ஆண்டு

2023ஆம் ஆண்டில் சனி பகவான் இரண்டு முறை கும்பத்துக்குள் நுழைந்தார். திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றுக் கோயில் விழா எடுத்தது இரண்டாவது தேதியில். சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களுக்கு வரும் தினசரிக் காலண்டர்களுக்குப் பின்னால் இப்படியொரு பிளவு இருக்கிறது. காலனிய ஆட்சியில் கூர்மை பெற்ற வழக்கு அது.

நம் பஞ்சாங்கக்காரர்கள் சந்திரனின் நகர்வை 248 வாக்கியங்களாக மனனம் செய்தவர்கள். எழுத்துகளே அவற்றில் எண்கள். முன்பு சென்னை வானாய்வகத்தைக் கவனித்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கிக் கிரகணத்தைக் கணித்ததைத் தம் 'கால சங்கலித'த்தில் (1825) வியந்து பதிவு செய்தார். சந்திர கிரகணம் பூமியின் நிழலால் நேர்வது என்றே சூரிய சித்தாந்தமும் கணக்கிடுகிறது. அதே கிரகணத்தில் ராகுவை நினைத்து நீராடும் வழக்கமும் தொடர்ந்தது. கணக்குக்கு ஓர் இடம், கதைக்கு ஓர் இடம் என்று நம்மவர்கள் வைத்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் இதை முரண்பாடாகக் கண்டனர். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டேனியல் பூவர், 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்தை முன்வைத்து உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் பிழையைப் பலரறியக் காட்டினார். பஞ்சாங்கம் பொய்த்தால் புராணம் பொய்க்கும், புராணம் பொய்த்தால் சமயம் சரியும் என்பது எதிர்பார்ப்பு. சமயம் சரியவில்லை. அதே யாழ்ப்பாணத்தில் பின்னர் ஆறுமுக நாவலர் சைவத்துக்கு அச்சுக்கூடமும் பள்ளியும் கண்டார்.

பிழையை வேறு கண்ணால் பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளரான அவர் 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்தபோது, மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தை நேர்நோக்கால் திருத்த வேண்டும் என்பது அவருடைய ஓயாத வாதம். திதி தவறினால் தர்ப்பணமும் விரதமும் தவறும் அல்லவா? பூவருக்குப் பிழை, பக்தியை வீழ்த்தும் ஆயுதம். ஆச்சாரியாருக்கோ, பக்திக்காகவே களைய வேண்டிய குறை.

அவர் 1880இல் மறைந்தார். திருக்கணிதம் நிலைத்தது, வாக்கியமும் நிலைத்தது. கோயிலில் வெல்வது வானமா, முன்னோர் வாக்கா என்ற கேள்வியை வெள்ளையர் ஆட்சி நமக்குத் தரவில்லை. அதைத் தள்ளிப்போட முடியாதபடி செய்தது. திருநள்ளாறு தன் பதிலைச் சொல்லிவிட்டது. நாம் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது எந்தப் பதிலை ஏற்கிறோம் என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொள்ளலாம்.