கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்த் திருச்சபைகளின் இளைஞர் குழுக்கள்

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், சுங்கை வே, கிள்ளான் முதலிய ஊர்களில் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்து இயங்கிவரும் வாலிபர், இளைஞர் அமைப்புகள். இவற்றின் போக்கைத் தீர்மானித்ததில், போதகர்களையும் பங்குத்தந்தையரையும் விட, சபைப் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதற்கே பங்கு அதிகம்.

தொடக்கம் ரயில்வேயை ஒட்டியது. ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தமிழகத் தொழிலாளர்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்தனர். கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. 1905இல் நிறுவப்பட்டது, அதன் வளாகம் இன்றும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. மெதடிஸ்ட் சபைகளில், 1889இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உருவான எப்வொர்த் லீக் என்ற அமைப்பை மிஷனெரிகள் மலாயாவுக்குக் கொண்டுவந்தனர். வேதபாடம், ஜெபக்கூட்டம், பேச்சுப் பயிற்சி என்ற அதன் சட்டகம், பின்னாளில் வந்த மெதடிஸ்ட் வாலிபர் ஐக்கியங்களிலும் பெரிதாக மாறவில்லை. 1968இல் மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்றது. தமிழ்ச் சபைகள் தனி ஆண்டு மாநாட்டின்கீழ் இயங்குகின்றன.

சுங்கை வேயின் கதை வேறு. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய மலாயா அவசரகாலத்தில் புதுக்கிராமமாக அமைக்கப்பட்ட இவ்வூரின் முகத்தை 1972இல் தொடங்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயம் மாற்றியது. மின்னணு ஆலைகள் இளம்பெண்களையே பெருமளவில் வேலைக்கு எடுத்தன. ஆலைகள் இரவும் பகலும் ஓடின. ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும் இடத்தில், வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் என்ற பழைய ஏற்பாடு எப்படி நிலைக்கும்? இரவு ஷிஃப்ட் முடித்தவர் ஞாயிறு ஆராதனைக்கு வருவதே பெரிய காரியம். உறுப்பினர் அதிகம் என்று பதிவேடு சொன்னாலும், கூட்டத்துக்கு வருவோர் கைவிரலில் எண்ணும் அளவே.

இந்த நிலைக்கு ஏற்கெனவே விடை வைத்திருந்தது, கத்தோலிக்க இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன் 1925இல் முறைப்படி அமைத்த இவ்வியக்கம் மலேசியாவிலும் வேரூன்றியது. 'பார், ஆராய், செயல்படு' என்பது அதன் முறை. சம்பளச் சீட்டும் விடுதி வாடகையும் சிறு குழுவில் பேசத்தக்க பொருள்களாயின. இவ்வகைச் சமூகப் பணி அரசின் சந்தேகத்துக்கும் உள்ளானது: 1987 அக்டோபரில் தொடங்கிய ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் தடுத்துவைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரில் கிறிஸ்தவச் சமூகப் பணியாளர்களும் இருந்தனர்.

எல்லாச் சபைகளுக்கும் பொதுவான நிகழ்ச்சி டிசம்பர் மாதக் கேரல் சுற்றுதான். கிட்டாரும் டம்போரினும் ஏந்தி, வேனில் நெருக்கியடித்து வீடுவீடாகச் செல்வார்கள். முறுக்கும் குளிர்பானமும் காணிக்கை உறையும் காத்திருக்கும். ஆண்டு முழுதும் தலைகாட்டாதவர்கூட இதற்கு வந்துவிடுவார். பல குழுக்களின் ஆண்டுச் செலவும் இந்த உறைகளில்தான் ஓடுகிறது.

இன்றைய சிக்கல்கள் மொழியும் வயதும். மலாய், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தைத் தடுமாறி வாசிப்பதால், பாடல் தமிழிலும் கலந்துரையாடல் ஆங்கிலத்திலுமாக நடப்பது வழக்கமாகிவிட்டது. வயதைப் பொறுத்தவரை, மலேசியாவின் 2007ஆம் ஆண்டு இளைஞர் அமைப்புச் சட்டம் நாற்பதுக்குட்பட்டோரை இளைஞர் என்றது. 2019 திருத்தம் அவ்வரம்பை முப்பதாக்கியது. சபைகளிலோ, கல்யாணமாகும்வரை வாலிபர் கூட்டத்தில் இருக்கலாம் என்பதே எழுதப்படாத விதி.