பெயரில்லாத ஒரு தலைவலி

மைக்ரேனுக்குப் பழைய மருத்துவர்கள் வைத்த பெயர்களில் ஓர் ஒற்றுமை உண்டு. சுஸ்ருத சம்ஹிதையில் அது அர்த்தாவபேதகம், அதாவது பாதியைப் பிளப்பது. ரோமப் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் காலன் எழுதிய கிரேக்கத்தில் ஹெமிக்ரேனியா, பாதி மண்டை. அந்தச் சொல்லே லத்தீனிலும் பிரெஞ்சிலும் தேய்ந்து மைக்ரேன் ஆனது. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும் என்றாலும், வலி தலையில் எங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் கவனித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பல வருடங்களாக இந்த வலியோடு இருக்கும் எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை யார் நம்பியிருக்கிறார்கள்?

கை உடைந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சாட்சி. மைக்ரேனைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை இன்றும் கிளினிக்குகளில் கிடையாது. ஸ்கேன் எடுத்தாலும் வேறு நோய் இல்லை என்பதுதான் தெரியும். நோயாளி சொல்வதைக் கேட்டே டாக்டர் முடிவுக்கு வரவேண்டும். அதனால்தான் "தலைவலிக்கெல்லாமா எம்.சி.? ரெண்டு பெனடோல் போட்டுக்கிட்டு வாங்க" என்று ஒரு மேலாளர் என்னிடம் சாதாரணமாகச் சொல்ல முடிந்தது. வீட்டில் என்றால் கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டு, "ரொம்ப யோசிக்காத, சரியாயிடும்" என்பார்கள். முன்னதில் சந்தேகம், பின்னதில் அன்பு. ஆனால் இரண்டுமே நோயைத் தலையிலிருந்து எடுத்து என் குணத்தில் வைத்துவிடுகின்றன.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது ஆன் கான்வே எனக்கு அறிமுகமானார்.

1631இல் லண்டனில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி, 1679இல் சாகும்வரை அவரை விடவில்லை. பெண்கள் பல்கலைக்கழகம் போக முடியாத காலம். கேம்பிரிட்ஜில் இருந்த ஹென்றி மோரிடம் கடிதம் வழியாகவே தத்துவம் படித்தார். பிரபு குடும்பம் என்பதால் பெரிய மருத்துவர்களெல்லாம் அவரைப் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி அவர்களில் ஒருவர். பாதரசம், காப்பி, புகையிலை எல்லாம் முயன்று பார்த்தார்கள். 1656இல் மண்டையோட்டில் துளை போட்டுக்கொள்வதற்காகவே பாரிஸ் போனார். அங்கே துளை போடவில்லை. ரத்தக் குழாயைத் திறந்து ரத்தம் எடுத்தார்கள். 1666இல், கையால் தடவியே நோய் தீர்ப்பவர் என்று பெயர் வாங்கிய வாலண்டைன் கிரேட்ரேக்ஸை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். வலி அவருக்கும் மசியவில்லை.

மூளை ஆராய்ச்சியின் முன்னோடியான தாமஸ் வில்லிஸ், 1672இல் வெளியிட்ட நூலில் இவருடைய நோயை அக்கறையோடு விவரித்தார். ஒரு பெருமாட்டி என்றாரே தவிர பெயர் சொல்லவில்லை. ஆன் கான்வே நோட்டில் எழுதிவைத்த தத்துவக் குறிப்புகள், அவர் இறந்தபின் 1690இல் லத்தீனில் நூலாக வந்தன. அதிலும் அவர் பெயர் இல்லை. அந்த நூலில் டெக்கார்ட்டோடு மோதுகிறார். மனமும் உடலும் முற்றிலும் வேறான பொருள்கள் என்றால், உடல் வலிக்கும்போது ஆன்மா ஏன் இப்படித் துடிக்கிறது என்று கேட்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வலியோடு இருந்த ஒருவரின் கேள்வி இது. லைப்னிஸ் மதித்த நூல் அது.

அடுத்த சாட்சிகள் வர இரு நூற்றாண்டுகள் ஆயின. தலைவலிக்கு முன் சிலர் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரியும்; இதை ஆரா என்கிறார்கள். 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற மருத்துவர், தனக்குத் தெரிந்த ஆராவை வரைந்து லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். கோட்டைச் சுவர் போல வளைந்து நெளியும் வடிவங்கள். 1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் பார்வையில் பரவிய இருட்டின் விளிம்பைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்து, மூளைப் பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ நகர்கிறது என்று கணக்கிட்டார். 1944இல் பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவ், முயல்களின் மூளையில் அப்படியொரு மெதுவான அலையைப் பதிவுசெய்தார். ஆராவுக்குக் காரணம் இந்த அலைதான் என்று இன்று கருதுகிறார்கள்.

விஞ்ஞானிகளான ஆண்கள் தங்கள் நோயை வரைந்தபோது அது ஆதாரமானது. ஏறக்குறைய அதே காலத்தில், 1937இல், நியூயார்க்கின் ஹரால்ட் வுல்ஃப் மைக்ரேன்காரர்களின் குணத்தைப் பற்றி எழுதினார். ஒழுங்கு தேடுபவர்கள், வளைந்து கொடுக்காதவர்கள், அதிகம் ஆசைப்படுபவர்கள் என்று ஒரு சித்திரம். அவருக்கே மைக்ரேன் இருந்தது. ரத்தக் குழாய்களைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் முக்கியமானவை. ஆனாலும் 'மைக்ரேன் குணம்' என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்பதால், அந்தப் பட்டம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். "ரொம்ப யோசிக்காத" என்பது அதன் வீட்டு வடிவம்.

1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் குழுவினர், மைக்ரேனின்போது கழுத்து நாளத்தின் ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு கூடுவதைக் காட்டினார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் 2018இல் வரத் தொடங்கின.

கிளினிக்கில் இன்னும் நம் வாய்ச்சொல்தான் சாட்சி. அதனால் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. வலி வந்த நேரம், முந்தின இரவுத் தூக்கம், தவறவிட்ட சாப்பாடு, மாதவிலக்கு, போட்ட மாத்திரை எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. மூன்று மாதப் பக்கங்களைக் காட்டிய பிறகே ஒரு டாக்டர் தடுப்பு மருந்து பற்றிப் பேசினார். மாத்திரைக் கணக்கும் அவசியம். டிரிப்டான் வகையை மாதத்தில் 10 நாளோ, பெனடோலை 15 நாளோ என்று சில மாதங்கள் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். திடீரென்று இடி போல வரும் வலி, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி என்றால் டைரியெல்லாம் அப்புறம்; நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆன் கான்வேயின் வலியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம், அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் எழுதிய கடிதங்கள் பிழைத்ததுதான். 1930இல் மார்ஜரி நிக்கல்சன் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். நூலின் தலைப்பு 'கான்வே கடிதங்கள்'.