கதவு யாருக்குத் திறந்தது: மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்களின் குடியேற்றத் தேர்வு

சீனர்கள் தென்கிழக்காசியாவுக்கு வந்த வரலாற்றைச் சொல்லும்போது ஈயமும் ரப்பரும் மிளகும் முன்னே வந்துவிடுகின்றன. எங்கே கூலி கிடைத்தது, எந்த விளைபொருளுக்கு விலை ஏறியது என்று பார்த்தால் ஆண்கள் எங்கே போனார்கள் என்பது விளங்கும். குடும்பங்கள் எங்கே வேர் பிடித்தன என்பது அதனால் விளங்காது. மனைவியையும் பிள்ளைகளையும் எந்த நாட்டில் கொண்டுபோய் வைப்பது என்ற முடிவு வேறொரு கணக்கில் எடுக்கப்பட்டது. இன்றைய மலேசியாவையும் சிங்கப்பூரையும் முன்வைத்து அந்தக் கணக்கின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. குடியேற்றச் சட்டம் முதலில் ஆணுக்கும், பிறகு பெண்ணுக்கும், கடைசியில் பள்ளிப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. ஒவ்வொரு முறையும் யாருக்குத் திறந்தது என்பதே குடும்பத்தின் நாட்டைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

தேர்வு இருந்தவர்களும் இல்லாதவர்களும்

மிங், சிங் அரசுகள் நெடுங்காலம் கடல்கடந்து போவதைக் குற்றமாக நடத்தின. தடையை மீறிப் போனவர்கள் ஆண்கள். மணிலா, பத்தாவியா, அயுத்தயா, மலாக்கா எனப் பரவிய அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். மலாக்காவின் பாபா சமூகம் அப்படி உருவானது. அந்நிய ஆட்சியின் கீழ் உயிருக்கே உறுதி இல்லாத காலங்களும் இருந்தன. 1603இல் மணிலாவிலும் 1740இல் பத்தாவியாவிலும் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். எந்தத் துறைமுகத்தில் குடும்பத்தோடு இருக்கலாம் என்ற கேள்விக்கு அந்நாளில் முதல் அளவுகோல் அச்சமின்மைதான்.

பிரிட்டிஷார் 1786இல் பினாங்கையும் 1819இல் சிங்கப்பூரையும் திறந்தபோது அங்கே முதலில் வந்து சேர்ந்த சீனர்களில் பலர் சீனாவிலிருந்து நேரே வந்தவர்கள் அல்லர். ஏற்கெனவே இந்தக் கடற்பகுதியில் வாழ்ந்தவர்கள். பினாங்கின் முதல் சீனக் கப்பித்தானான (சமூகத் தலைவரான) கோ லே ஹுவான் கெடாவிலிருந்து வந்தார். சிங்கப்பூரின் தொடக்ககால வணிகர் டான் சே சாங் ரியாவ், பினாங்கு, மலாக்கா என்று பல ஊர்களில் இருந்து பார்த்த பிறகே அங்கே நிலைகொண்டார். டான் டோக் செங் மலாக்காவில் பிறந்து சிங்கப்பூருக்கு நகர்ந்தவர். மலாய் பேசத் தெரிந்து, கையில் முதலும் கொண்டிருந்த இத்தகையோருக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது. 1836 கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் ஏறத்தாழ 30,000 பேரில் சீனர்கள் 13,749 பேர். மலாய்க்காரர்களைத் தாண்டி அவர்களே பெரிய இனமாகியிருந்தனர்.

ஃபூஜியான், குவாங்தோங் கிராமங்களிலிருந்து வந்த கூலியாளின் நிலை வேறு. கப்பல் கட்டணத்தைத் தரகர் கட்டுவார். கரையில் இறங்கியதும் அந்தக் கடனை யார் அடைக்கிறாரோ அவருக்கு அவன் உழைக்க வேண்டும். பினாங்கா, பேராக்கா, சுமத்ராவின் டெலியா என்பதைத் தரகரும் அவன் பேசிய வட்டாரமொழியும் முடிவு செய்தன. 1877இல் வில்லியம் பிக்கரிங் தலைமையில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் சிங்கப்பூரில் அமைந்த பிறகே இந்த வணிகத்தின் மேல் அரசின் கண்காணிப்பு விழுந்தது. கூலியாளின் மனைவி ஊரில் மாமியாரோடு இருந்தாள். முன்னோர் வழிபாடும் வயல் வேலையும் அவள் பொறுப்பு. பணமும் கடிதமும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பப்பட்ட 'சியாவ்பீ' உறைகள் இரு கரைகளையும் இணைத்தன. அந்த ஆவணங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பலருக்குக் கிராமத்தில் ஒரு வீடு, தென்கடலில் இன்னொரு வீடு, இரண்டிலும் மனைவி என்றே வாழ்க்கை அமைந்தது. வெளிநாடு போனவர் திரும்பி வந்தால் தண்டனை என்ற பழைய சட்டத்தைச் சிங் அரசு முறையாகக் கைவிட்டது 1893இல்தான்.

சிபு: நாடு நாடாகப் பார்த்து எடுத்த முடிவு

குடும்பங்களாகவே குடியேறுவதற்கென்று ஒருவர் நாடு தேடி அலைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபூச்சௌ பகுதியைச் சேர்ந்த வோங் நாய் சியோங் மெதடிஸ்ட் கிறிஸ்தவர், கற்றறிந்தவர், 1898 சீர்திருத்த இயக்கத்தின் ஆதரவாளர். அந்த இயக்கம் ஒடுக்கப்பட்ட பிறகு, தம் மக்கள் பஞ்சமும் கொடுங்கோன்மையும் இல்லாத மண்ணில் உழுது வாழ வேண்டும் என்று முடிவு செய்தார். 1899இல் சிங்கப்பூர் வந்தார். அங்கே அவருடைய மருமகன் மருத்துவர் லிம் பூன் கெங் செல்வாக்கோடு இருந்தார். மலாயாவையும் டச்சு ஆட்சியிலிருந்த சுமத்ராவையும் பார்த்தார். கடைசியில் 1900இல் சரவாக்கின் ராஜா சார்லஸ் புரூக்கோடு ஒப்பந்தம் செய்து ரெஜாங் ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார்.

சிங்கப்பூரை விட்டு ஏன் காட்டுக்குப் போனார்? சிங்கப்பூரில் வணிகம் இருந்தது. உழவனுக்கு நிலம் இல்லை. தீபகற்பத்தின் சுரங்கப் பகுதிகள் ஆண்களின் கொட்டகைகளாக இருந்தன. புரூக்குக்கோ ரெஜாங் கரையில் நெல் விளைவிக்க நிலையான குடிகள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தம் கேட்டது உழவர்களை. அவர்களோடு பெண்களும் குழந்தைகளும் வருவதை எதிர்பார்த்து, முன்பணத்தையும் பெரியவருக்கு ஒரு தொகை, பிள்ளைக்கு ஒரு தொகை என்று வகுத்தது. பிள்ளையின் பயணத்துக்கென்று அரசு தனியே பணம் ஒதுக்கிய இந்த ஏற்பாடு அக்கால ஆள் திரட்டும் முறைகளிலிருந்து பெரிதும் விலகி நிற்கிறது. 1901இல் மூன்று தொகுதிகளாக ஏறத்தாழ 1,100 பேர் சிபுவில் இறங்கினார்கள். நெல் பொய்த்தது. காய்ச்சலும் கடனும் வாட்டின. 1904இல் வோங் ஊர் திரும்பினார். ஆனால் குடும்பங்கள் திரும்பவில்லை. மெதடிஸ்ட் ஊழியர் ஜேம்ஸ் ஹூவரின் வழிகாட்டுதலில் ரப்பருக்கு மாறி நிலைத்தன. 1903இல் பேராக்கின் சித்தியவானிலும் இதே போன்ற ஃபூச்சௌ குடியேற்றம் நடந்தது. அதற்கும் முன்பே, 1880களில், பாசல் மிஷனைச் சேர்ந்த ஹக்கா கிறிஸ்தவக் குடும்பங்கள் வடபோர்னியோவின் கூடாட்டுக்கு வந்திருந்தன. திருச்சபையின் துணையும் சொந்த நிலமும் சேர்ந்த இடங்களில் பெண்கள் தொடக்கத்திலேயே வந்தார்கள் என்பதை இம்மூன்றும் காட்டுகின்றன.

1933: பெண்களுக்கு விட்ட இடைவெளி

1911 கணக்கெடுப்பின்போது மலாயாச் சீனரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 250 பெண்களே இருந்தனர். 1927இல் ஒரே ஆண்டில் சிங்கப்பூர் வழியே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் வந்தார்கள். அடுத்து வந்த பெருமந்தத்தில் ஈயமும் ரப்பரும் விலை சரிந்தன. 1930இல் வளர்ந்த சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு வந்தது. 1933இல் அந்நியர் சட்டம் அதை நிலைப்படுத்தியது. கங்காணிகளோடு வந்த தமிழர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

பெண்களுக்கு வரம்பு இல்லை. ஆண் பயணிகள் குறைந்ததால் கப்பல் தொழில் தவித்தது. ஆண்களுக்கான ஒரு சீட்டு வேண்டுமென்றால் பெண்களுக்கான சில சீட்டுகளையும் வாங்கியாக வேண்டும் என்று சீட்டுத் தரகர்கள் விடுதிக்காரர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். இந்த வணிகத் தந்திரமும் சட்டத்தின் இடைவெளியும் தென்சீனாவின் வறுமையும் ஒன்றாகச் சேர்ந்தன. 1938இல் பெண்களுக்கும் வரம்பு வரும்வரை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பெண்கள் வந்து சேர்ந்தனர். சிலர் கணவனைத் தேடி வந்தவர்கள். சிலர் சிங்கப்பூரின் கட்டட வேலையில் செங்கல்லும் மண்ணும் சுமந்த, சிவப்புத் தலைத்துணி அணிந்த சம்சூய் பெண்கள். 1931இல் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 500 என்றிருந்த பெண்கள் 1947இல் 800ஐத் தாண்டினர்.

மலாயாச் சீனர் நிலையான சமூகமானதற்கு இந்த ஐந்தாண்டு இடைவெளியே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன். சட்டம் இயற்றியவர்கள் குடும்பங்களை வரவழைக்க நினைக்கவில்லை; வேலையில்லாத ஆண்களைத் தடுக்கவே நினைத்தார்கள். அவர்கள் எண்ணாத விளைவாகத் தொட்டில்கள் நிறைந்தன, தொட்டிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடத் தேவை எழுந்தது.

பள்ளியும் பாலமும்

1949க்குப் பிறகு சீனாவின் பக்கமும் மலாயாவின் பக்கமும் கதவுகள் ஏறத்தாழ மூடின. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான நெருக்கடிநிலைக் காலத்தில், 1950 முதல், பிரிக்ஸ் திட்டப்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர், பெரும்பாலோர் சீனர். அங்கே நாட்டைத் தேர்வதற்கு இடமில்லை, வீட்டைத் தேர்வதற்கும் இடமில்லை. 1957இல் மலாயாக் குடியுரிமை வந்தபோது ஊரா, இந்த நாடா என்ற கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்கள் இந்த நாடு என்றே விடை சொல்லின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்ததும், இரு நாடுகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் இரு முனைகளில் எது என்ற புதிய கேள்வி எழுந்தது.

மலேசியா சீனமொழித் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் வைத்துக் காத்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதே ஏற்பாட்டில் நிலைத்தன. சுமார் 60 தனியார் சீன உயர்நிலைப் பள்ளிகள் சமூக நன்கொடையில் இயங்குகின்றன. சிங்கப்பூரோ 1980இல் சீனமொழி நன்யாங் பல்கலைக்கழகத்தை இணைத்து மூடியது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழிக்கு வந்தன. மொழிப்பற்று மட்டுமே முடிவெடுத்திருந்தால் குடும்பங்கள் வடக்கே போயிருக்க வேண்டும். நடந்தது எதிர்மாறு. 1969 மே இனக்கலவரமும், மலாய்க்காரருக்கு முன்னுரிமை தந்த 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையும், பொதுப் பல்கலைக்கழக இடங்களில் இன ஒதுக்கீடும் மலேசியச் சீனப் பெற்றோர் பலரைத் தெற்கே திருப்பின. பள்ளியின் மொழியைவிட, பள்ளிக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன வாசல் திறக்கும் என்பதையே அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள்.

இன்றைய தாய்மார்கள்

சீனா மலேசியாவோடு 1974இலும் சிங்கப்பூரோடு 1990இலும் அரசுறவு தொடங்கியது. சீனாவின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் வரும் குடும்பங்கள் வறுமையிலிருந்து தப்பி வருபவை அல்ல. பெய்ஜிங், ஷாங்காய் பள்ளிகளின் தேர்வு நெருக்கடியும், பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், சீனமும் போய்விடக் கூடாது என்ற விருப்பமும் அவர்களை நகர்த்துகின்றன. இந்த இரண்டு மொழிகளும் தெருவிலும் வகுப்பிலும் ஒன்றாகக் கிடைக்கும் அண்டை நாடுகள் இவை இரண்டே என்று சொல்லலாம்.

சிங்கப்பூரில் பொதுப்பள்ளியின் பெரும்பாலான வகுப்புகளில் சேர வெளிநாட்டுப் பிள்ளை 2007 முதல் தனி நுழைவுத் தேர்வு எழுதுகிறது. அதோடு வர நீண்டகால வருகை அனுமதி தாய்க்கோ பாட்டிக்கோதான்; தந்தைக்கு இல்லை. முதலாண்டில் தாய் வேலை செய்யக் கூடாது. நிரந்தரவாசம் கிடைத்தால் மகனுக்குத் தேசிய சேவை வரும். அரசு அடுக்குமாடி வீட்டுக்கட்டடங்களில் 1989 முதல் இன விகிதாசாரம் உண்டு; 2010 முதல் மலேசியரல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பும் உண்டு. சீனாவிலிருந்து வரும் நிரந்தரவாசிக்கு அதனால் இரண்டு வரம்புகள். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 2023இல் 60 விழுக்காடானது.

மலேசியாவின் 'எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002 முதல் அந்தப் பெயரில் நடக்கிறது. அதற்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அடங்குவர். 2021இல் விதிகள் கடுமையாகி, 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிநிலைகள் ஆயின. வெள்ளிப் படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும் வீடு வாங்குவதும் தேவை. குடியுரிமை அதில் இல்லை. பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் சிங்கப்பூரைவிடக் குறைவு. கடையிலும் மருத்துவமனையிலும் மாண்டரின் செல்லும். வணிகர் டான் கா கீ தென்கடல் செல்வத்தைக் கொண்டு 1921இல் நிறுவிய ஷியாமென் பல்கலைக்கழகம் 2016 முதல் செப்பாங்கில் வகுப்பு நடத்துகிறது.

ஆக, பணமும் நேரமும் உள்ள குடும்பம் முழுதாக வந்து தங்க மலேசியாவும், பிள்ளையின் தேர்ச்சியை நம்பித் தாய் மட்டும் வரும் குடும்பத்துக்குச் சிங்கப்பூரும் பொருந்துகின்றன. இரண்டாவது வகைக் குடும்பத்தில் பழைய இரு வீட்டு முறை தலைகீழாகியிருக்கிறது: சம்பாதிக்கும் கணவன் சீனாவில் இருக்கிறான், கடல்கடந்து வந்தவள் மனைவி, பணம் தெற்கு நோக்கி வருகிறது. ஆனால் அவளுடைய அனுமதி அவள் பெயரில் நிற்பதில்லை. பிள்ளையின் மாணவர் அனுமதியையும் வயதையும் சார்ந்தது. பிள்ளை 16 வயதைத் தாண்டும்போது அவள் வேலை அனுமதியோ வேறு தகுதியோ பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் வந்த வழியே திரும்ப வேண்டும்.