"லினக்ஸ்ல கேம் ஓடுமா சேர்?"

 

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சேர், எங்க கம்ப்யூட்டர் இனி குப்பையா?"

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பாவித்த அலுவலக மெஷின்கள்தான். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 பக்கம் போனதைப் பார்த்த பெற்றோரிடம் "புதுசு வாங்குங்க" என்று வாய் கூசாமல் சொல்ல முடியுமா? "லினக்ஸ் போடு" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அதுல கேம் ஓடுமா?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. நம்ம நாட்டில் லினக்ஸ் வீட்டுக்குள் வராமல் போனதற்குக் காரணமே இதுதான் என்பது என் எண்ணம்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற முறையில் வளர்ந்தது. இந்த முறையில் இலங்கையர் செய்த வேலை சின்னதல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய நம்ம நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு தனிஷ்க நவின் ஃபெடோராவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸை உருவாக்கினார். பெயர் ஹந்தான. ஆமாம், கண்டிக்கு மேலே தேயிலை அருங்காட்சியகம் இருக்கிற அதே ஹந்தானை மலைதான்! இணைய வசதி இல்லாதவர்களும் பாவிக்கட்டும் என்று கல்வி மென்பொருட்களையும் சேர்த்தே கொடுத்தார். ஆனாலும் நம்ம பக்கம் ஒரு வீட்டிலும் அதை நான் கண்டதில்லை.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த ஒரு நண்பன் லினக்ஸ் போட்டான். ஒரே கிழமையில் கழற்றிவிட்டான். காரணம் 'ஜீ.டி.ஏ. சான் அன்ட்ரியாஸ்'. பழையபடி கொப்பி அடித்த விண்டோஸ், கொப்பி அடித்த கேம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது, ஆனால் ஹொஸ்டலில் யாருக்கு அது தெரியும்? களவு கூடாது என்று மத்ரஸாவில் ஓதிய நாங்களும் சீடியை களவுக் கணக்கில் சேர்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தப் பூட்டைத் திறக்கும் வேலை 1993இலேயே தொடங்கியிருந்தது. அந்த மென்பொருளின் பெயர் வைன். பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், ஒரு ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம்தான் அது. (சின்னத்தில் கிளாஸ் இருப்பது உண்மைதான், என்ன செய்ய!) துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கங்காணி தமிழில் சொல்லி மலையில் வேலை நடந்த மாதிரி, விண்டோஸ் கேம் கேட்பதை வைன் அந்த நொடியிலேயே லினக்ஸுக்கு மாற்றிச் சொல்லும். முதல் முழுமையான பதிப்பு 2008இல்தான் வந்தது. 15 வருடப் பொறுமை!

அப்போதும் பெரிய கேம்கள் திணறின. 'நியர்: ஒட்டோமேட்டா' என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்ட பிலிப் ரெபோலே என்பவர் டீஎக்ஸ்விகேயை எழுதத் தொடங்கினார். விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பாவிக்கும் டிரெக்ட்எக்ஸை, லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றும் கருவி அது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் கம்பனி அவருக்குக் கைகொடுத்தது. விண்டோஸை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாள் தன் கடைக்கு ஆபத்து என்ற பயம் வால்வுக்கு 2012இலேயே இருந்தது. வைனையும் டீஎக்ஸ்விகேயையும் சேர்த்து 2018 ஓகஸ்டில் 'புரோட்டன்' வெளியானது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவதும் லினக்ஸில்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். வலோரண்ட், ஃபோர்ட்நைட் லினக்ஸில் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. அதுவரை ஓடிய அபெக்ஸ் லெஜண்ட்ஸையும் 2024 ஒக்டோபரில் தடுத்துவிட்டார்கள். மிகப் பழைய மெஷின்களில் வல்கன் சரியாக வேலை செய்யாது. தனியாக விளையாடும் கேம்கள்தான் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 'புரோட்டன்டீபி' தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் மற்றவர்களின் அனுபவம் தெரியும்.

நம்ம பிள்ளைகள் யாராவது முயற்சி செய்வதென்றால் விண்டோஸை உடனே அழிக்க வேண்டாம். ஃபோட்டோ, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். 8 ஜீபி பென் டிரைவ் ஒன்று கொண்டு வந்தால் போட்டுத் தருகிறேன். அதிலிருந்தே ஓட்டி வைஃபை, சத்தம், திரை சரியா என்று பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம். என்ன மெஷின், என்ன கேம் என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இரவு பதில் போடுகிறேன்.