விரித்த உள்ளங்கை

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்தது ஏரியூர். தேர்தல் நாள் மாலையில் முத்திரையிடப்பட்ட வாக்கு இயந்திரங்கள் ஊரைவிட்டுப் புறப்படுகின்றன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இத்தொகுதியின் வாக்குகள் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் எண்ணப்பட்டன. ஏப்ரல் 19-இல் வாக்களித்தவர் முடிவறிய ஜூன் 4 வரை, அதாவது 46 நாள்கள், காத்திருந்தார். அன்று அறிவிக்கப்பட்ட எண், தம் ஊரார் அளித்த வாக்கின் எண்தானா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இவ்வினா நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. அது இன்றைய வாக்கெடுப்பு அன்று. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபையின் திருவுளச் சீட்டு. மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்கள் கையாண்டதும் சீட்டு முறையே. ஆயினும் உத்திரமேரூரார் கைக்கொண்ட எச்சரிக்கை வியப்புக்குரியது. சபையோர் அனைவரும் காணக் குடத்தை உயர்த்திக் காட்டினர். ஏதும் அறியாச் சிறுவன் ஓலையை எடுத்தான். அதைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றார். படித்த பெயரைப் பிறரும் படித்தனர். முன்னர்க் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடத் தகுதியற்றவர்.

நம் காலத்தில் அந்த உள்ளங்கையின் இடத்தில் விவிபாட் எனும் காகிதச் சீட்டுக் கருவி நிற்கிறது. வாக்காளர் தம் தேர்வை ஏழு நொடிகள் கண்ணாடி வழியே காண்கிறார். 2019 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட ஆணையிட்டது. அதுவரை ஒன்றே ஒப்பிடப்பட்டது. கணக்கு வேறுபடின் காகிதச் சீட்டின் எண்ணிக்கையே நிலைக்கும் என்பது விதி. அனைத்துச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாள்களுக்குள் கட்டணம் செலுத்தி, ஒரு பகுதியின் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கக் கோரலாம் என வழி திறந்தது.

சரிபார்ப்பு இருந்தால் மட்டும் போதாது. அது காலத்தே நிகழவும் வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் நெல்லை மாவட்டத்து இராதாபுரத்தில் இன்பதுரை 49 வாக்குகளில் அப்பாவுவை வென்றார். செல்லாதவை எனத் தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகள் குறித்து வழக்கு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 2021-இல் முடிந்தது. எண்ணியும் அறிவிக்கப்படாத முடிவு, வென்றவருக்கும் தோற்றவருக்கும் நீதி வழங்கவில்லை.

திருத்தந்தை தேர்தலை நினைத்துப் பார்ப்போம். இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் வகுத்த விதிகளின்படி, மூன்று கர்தினால்கள் வாக்குகளை எண்ணுகின்றனர். வேறு மூவர் அதைச் சரிபார்க்கின்றனர். அதன் பின்னரே சீட்டுகள் எரிக்கப்படுகின்றன. எண்ணுவோர் கர்தினால்கள் என்பதற்காகத் திருச்சபை சரிபார்ப்பைக் கைவிடவில்லை. அதை அவர்கள் அவமதிப்பாகக் கொள்வதுமில்லை.

வென்றவருக்குச் சான்று தேவையில்லை, வெற்றியே போதும். தோற்றவரும், அவருக்கு வாக்களித்த ஏரியூர் உழவரும் மனம் ஒப்பி முடிவை ஏற்கும்போதுதான் தேர்தல் நிறைவு பெறுகிறது. அதற்கு எண்ணுகிற கை விரிந்தே இருக்க வேண்டும்.